வெளியே வந்த நேரம்

எல்வின் ட்ராம்ப்ளியால் முடியாது என்று மற்றவர்கள் சொல்லி, அவன் முடித்துக் காட்டியவை கொஞ்சமல்ல. 1931 பிப்ரவரியில் கால் முதலில் வந்து பிறந்தான். பனிப்புயலில் மருத்துவச்சி வந்து சேர மறுநாள் மதியமாயிற்று, அதற்குள் பாலுக்கு அழுதுகொண்டிருந்தான். ஆறு வயதில் கெட்டில் ஏரியின் மேல் உறைந்திருந்த பனி உடைந்து உள்ளே போனவன், ஐஸ் அறுக்கிறவர்கள் வெட்டி வைத்திருந்த அடுத்த திறப்பில் தலையை நீட்டினான். இருபத்து மூன்று வயதில் மரம் வெட்டும் முகாமில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் அவன் இடது காலில் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுக்க விடவில்லை. பதினோரு மாதத்தில் நடந்தான். அந்தக் காலை வைத்துக்கொண்டே மாவட்டக் கண்காட்சியில் கோடரிப் போட்டிக்கு மூன்று முறை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கினான். 1965ல் ஏரியைச் சுற்றும் நடைபாதைக்குக் காவலர் வேலை வந்தபோது பதினான்கு பேர் போனார்கள், அவனுக்குத்தான் கிடைத்தது. வடகரைச் சதுப்பில் பலகை நடை போட்டால் ஒரே வசந்தத்தில் மூழ்கிவிடும் என்று ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இருநூற்றுப் பதினெட்டுப் பலகை போட்டான். ஒன்றுகூட மூழ்கவில்லை.

இதையெல்லாம் தேதி தவறாமல் சொல்லக்கூடியவள் அவனுடைய அக்கா வெர்னா. அவனுக்கு நான்கு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, ஏரிக்கரை ஹோட்டலின் சலவை அறையில் துணி எண்ணும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். அவள் கணக்கில் ஒரு தலையணை உறை குறைந்ததில்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில், ஏரிக்கு ஒரு மைல் கிழக்கே, ஒன்றாக இருந்தார்கள்.

அவன் முடித்துக் காட்டாத ஒன்று இருந்தது. அது வெர்னாவுக்கு மட்டும் தெரியும். எல்வினுக்குப் படிக்கத் தெரியாது.

எண்கள் தெரியும். மணி பார்ப்பான், தூரம் அளப்பான், மரத்தின் சுற்றளவை மனதிலேயே பெருக்குவான். எழுத்துகள் மட்டும் அவன் கண்ணில் நிற்கவில்லை. ஏழு வயதில் பாடப் புத்தகத்தை அவளிடம் கொண்டுவந்து காட்டினான்.

"இது நகருது, வெர்ன்."

"எதுடா நகருது?"

"எல்லாமே. மே மாச ஈ மாதிரி. ஒண்ணப் பாத்தா இன்னொண்ணு பறந்துடுது."

ஆசிரியை அவனை அடுப்புக்கு விறகு போடும் வேலைக்கு வைத்துக்கொண்டார். அடுப்பு நன்றாக எரிந்தது. பன்னிரண்டு வயதில் காட்டு வேலைக்குப் போய்விட்டான். அதன் பிறகு மறைப்பது ஒரு தொழிலாகவே அவனுக்குக் கைவந்துவிட்டது. உணவுக் கடையில் உட்கார்ந்தால் பட்டியலைத் திறக்காமலே, "இன்னிக்கு உன் கைல எது நல்லா வந்திருக்கு?" என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்பான். மரியாதைக்காரன் என்று பெயர் வாங்கினான். ஒருநாள் அந்தப் பெண் ஈரலும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். ஈரல் என்றால் அவனுக்குக் குமட்டும். ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்திருந்தான்.

"அவ பாத்துட்டே நின்னா, வெர்ன். நான் என்ன பண்றது?"

வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

காவலர் வேலைக்கு ஆள் எடுத்த நாளில் ஊர்த் தலைவர் மேசைமேல் வரைபடத்தை விரித்து, பாதை எப்படிப் போக வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மற்றவர்கள் இடங்களின் பெயர்களைச் சொன்னார்கள். எல்வின் பெயர் எதையும் சொல்லவில்லை. உயரக் கோடுகளின் மேல் விரலை வைத்து, இங்கே நீர் தேங்கும், இங்கே பாறைக்கு ஏணி வேண்டும், இங்கே கரடி வரும் என்று ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். ஒன்பது மைல். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. வேலை அவனுக்குத்தான் என்றார்கள். கையில் பிசின் ஒட்டியிருக்கிறது, தாள் கெட்டுவிடும் என்று சொல்லி விண்ணப்பத்தை வீட்டுக்கு எடுத்துவந்தான்.

அன்றைக்குச் சமையலறை மேசையில் வெர்னா அவனுக்கு ஒரு கையெழுத்தை உண்டாக்கினாள். அவளுடையது போல இருக்கக்கூடாது. ஆண்பிள்ளைக் கை என்று தெரிய வேண்டும். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் பதினொரு முறை எழுதிப் பார்த்து, பன்னிரண்டாவதைத் தேர்ந்தாள். உயரமான எழுத்துகள், இடப்பக்கம் சற்றே சாய்ந்தவை, கடைசி எழுத்தின் வால் நீண்டு பெயருக்கு அடியில் ஒரு கோடாக ஓடும். எல்வின் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நானா?"

"நீதான்."

"நல்லா இருக்கேன்," என்றான்.

அது முதல் ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிறும் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் அலுவலகத்துக்கான மாத அறிக்கையை அவன் சொல்லுவான், அவள் எழுதுவாள். மூன்றாம் பாலத்தில் இரண்டு பலகை மாற்றப்பட்டது. மேற்குக் கரை ஏணியில் ஐந்தாம் படி இறுக்கப்பட்டது. பீவர் விலங்குகள் கட்டிய அணை உயர்ந்துவிட்டதால் பாதை இருபது அடி மேலே நகர்த்தப்பட்டது. கீழே அந்தக் கையெழுத்து. புதிய ஊர்த் தலைவராக ராய்ஸ் பெல்லோஸ் வந்தபின் காபிக் கடையில் அவனைச் சீண்டுவார்.

"உன் கையெழுத்தப் பாத்தா வங்கி மேனேஜர் தோத்தான் போ. மரம் வெட்டுறவனுக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய வாலு?"

"கோடரி புடிச்ச கை, ராய்ஸ். ஆரம்பிச்சா நிக்காது."

கடையே சிரிக்கும். கேள்விப்பட்டு வெர்னாவும் மகிழ்ந்தாள். நேர்த்தியாகச் செய்த ஒரு வேலையை யாரோ கவனித்துவிட்டார்கள் என்ற மகிழ்ச்சி.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பத்தின் மேல் சாய்ந்த மூடி போட்ட மரப்பெட்டி இருந்தது. உள்ளே கோடு போட்ட நோட்டு, நூலில் கட்டிய பென்சில். ஏரியைச் சுற்றப் போகிறவர்கள் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். தேதி, பெயர், எத்தனை பேர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பாதை வட்டமானதால் போகிற இடமும் வருகிற இடமும் ஒன்றுதான். திரும்பி வந்ததும் கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். தினமும் மாலை ஐந்தரைக்கு எல்வின் பெட்டியைத் திறப்பான். கட்டைவிரலைக் கடைசிக் கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே இழுப்பான். விரலடியில் வெற்றுக் கட்டம் வந்தால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள். விளக்கை எடுத்துக்கொண்டு தேடப் போய்விடுவான். இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தேழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பாதி பேர் எழுத மறந்து வீட்டுக்குப் போய்விட்டவர்களாக இருப்பார்கள், அதற்கும் ஒன்பது மைல் நடந்திருப்பான். படிக்கத் தெரியாதவன் செய்கிற வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

சிலர் கடைசிக் கட்டத்தில் நேரத்தோடு நிறுத்த மாட்டார்கள். பக்கத்தில் நாலு சொல் கிறுக்கிவிட்டுப் போவார்கள். வேலையில் சேர்ந்த முதல் கோடையிலேயே அவன் நோட்டை வீட்டுக்குத் தூக்கிவந்தான்.

"இது என்ன சொல்லுது, வெர்ன்?"

அவள் படித்தாள். "4:10. என்ன ஓர் அழகு."

"இது?"

"3:45. பலகை நடை போட்டவருக்கு எங்கள் நன்றி."

அவன் காது சிவந்துபோனது. "எனக்கா?"

"வேற யாருக்குடா?"

அன்று முதல் அந்தக் கட்டத்தில் சொற்களைக் கண்டால் அவனுக்கு ஒரு சந்தோஷம். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தான். வெர்னாவும் அப்படித்தான் நினைத்தாள். நேரத்துக்குப் பக்கத்தில் சொல் இருந்தால் அது பாராட்டு. அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்துகொண்ட அந்த முடிவை அவர்கள் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

1987 அக்டோபர் 22, வியாழக்கிழமை. இலைகள் கொட்டி முடிந்து, ஹோட்டல் மூடி, நடக்க வருகிறவர்கள் குறைந்துவிட்ட நேரம். அன்று நோட்டில் நாலே வரி. எல்வின் ஐந்தரைக்கு விரலை இழுத்தான். நாலு கட்டமும் நிரம்பியிருந்தன. நாலாவதில் 4:30 என்று இருந்தது, அதன்பின் பொடி எழுத்தில் மூன்று வரி நெருக்கமாக. அவ்வளவு நீளமாக யாரும் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போதே சொன்னான்.

"இன்னிக்கு ஒரு ஆளு கட்டம் நெறைய எழுதி வெச்சிருக்கான், வெர்ன். ஓரத்துல எல்லாம் சுத்தி எழுதியிருக்கான்."

"உன் பலக நடைல மயங்கிட்டான் போல," என்றாள் அவள், உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே.

இருட்டியபின் மழை பிடித்தது. விடிவதற்குள் அது பனிக்கட்டி கலந்த மழையாக மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராய்ஸிடமிருந்து தொலைபேசி வந்தது. ஊர் எல்லையில் இருக்கும் வாடகைக் குடில்களில் தங்கியிருந்த வாரன் ஹோல்ஸ்டெட் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் படுக்கையில் படுக்கவே இல்லையாம். பேருந்தில் வந்தவர், கார் இல்லை. ஏரிப் பக்கம் போயிருப்பாரா?

"நேத்து உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வந்தாச்சு, ராய்ஸ். நானே பாத்தேன்," என்றான் எல்வின்.

அவன் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அதனால் பேருந்துச் சாலையிலும் ஆற்றுப் பாலத்தடியிலும் தேடினார்கள். இரண்டரை மணி நேரம் அதில் போயிற்று. பத்தரைக்கு ராய்ஸின் வண்டி வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. நோட்டைத் திறந்து பிடித்தபடியே இறங்கினார்.

"நாலாவது வரி, எல்வின்! கடைசிக் கட்டம்! நீ பாத்தேன்னு சொன்னியே!"

எல்வின் பார்த்தான். வெர்னா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளால் படிக்க முடிந்தது.

4:30க்குள் திரும்புவேன். முழங்கால் சரியில்லை, மேற்குக் கரை வழியாக மெதுவாக வருகிறேன். இருட்டியும் நான் இந்த இடத்தில் கையெழுத்திடாவிட்டால் தயவுசெய்து தேடுங்கள்.

"தேடுங்கன்னு எழுதியிருக்கான்யா!" என்றார் ராய்ஸ்.

எல்வின் சட்டைமேல் கோட்டுகூடப் போடாமல் ஓடினான். எப்போதும் சூரியன் போகிற போக்கில்தான் ஏரியைச் சுற்றுவான். அன்று முதல் தடவையாக எதிர்ப்பக்கமாகப் போனான். ஏணிக்கு அடியில் அந்த மனிதர் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. வெள்ளைக் கைக்குட்டையை ஏணியின் மூன்றாம் படியில் கட்டிவைத்திருந்தார், வருகிறவன் கண்ணில் படட்டும் என்று. எல்வின் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். அதற்குள் போர்த்துவதில் அர்த்தமில்லாமல் போயிருந்தது. விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்கூட உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று பிற்பகல் ராய்ஸ் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். வெர்னா வைத்த காபியைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் வேணும், எல்வின். படிச்சியா, படிக்கலியா?"

எல்வின் வாய் திறப்பதற்குள் வெர்னா முந்திக்கொண்டாள். "அவன் கண்ணாடி ஒடஞ்சிருச்சு, ராய்ஸ். புதன்கிழம, வெறகு வெட்டுறப்ப. நேரத்த மட்டும் பாத்திருக்கான், பொடி எழுத்து தெரியல."

ராய்ஸ் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுந்துகொண்டார். "சரி. அதையே டைப் பண்ணச் சொல்றேன். வந்து கையெழுத்துப் போடட்டும்."

சனிக்கிழமை வெர்னா பேருந்தேறிப் பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினாள். துண்டில் சுற்றி இடது பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினாள். புதிதாகத் தெரியக்கூடாதென்று காதுக் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்தாள். எந்த வேலையையும் அரைகுறையாக அவள் செய்ததில்லை. அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"உன் கண்ணாடி."

"நான் கண்ணாடி போட்டதே இல்லியே, வெர்ன்."

"படிக்கிறப்ப மட்டும் போடுவ. நீ படிச்சு ஊர்ல எவன் பாத்திருக்கான்?"

அவன் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்த ஆளு உக்காந்திருந்தாரு, வெர்ன். வாசல பாத்து உக்காந்திருக்கிற மாதிரி. யாராவது வருவாங்கன்னு."

"தெரியும்டா."

"நான் அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்."

"எல், கேளு. படிக்கத் தெரியாதுன்னு சொன்னா அந்த ஆளு எழுந்து வரப்போறதில்ல. உன் இருவத்திரெண்டு வருஷமும் அதோட போயிடும். முப்பத்தேழு பேரக் கூட்டிட்டு வந்தத எவனும் நெனச்சுப் பாக்க மாட்டான்."

"இது எனக்காகச் சொல்றியா, உனக்காகவா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கண்ணாடியை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அக்கா கொடுத்ததை வாங்கிவைத்துப் பழகிய கை.

நவம்பர் 7, சனிக்கிழமை, வாரன் ஹோல்ஸ்டெட்டின் மகள் ஜோன் வந்தாள். நாற்பது வயதிருக்கும், அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். அவர் நடந்த பாதையிலேயே நடந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், காவலரே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டாளாம். வெர்னா தானும் வருவதாகச் சொன்னாள். துணைக்கு என்றாள். உண்மையில் அவனைத் தனியாக விடப் பயந்தாள்.

பெட்டி அருகே ஜோன் நோட்டில் எழுதினாள்: பெயர், 3 பேர், 9:40. மூவரும் போனார்கள். வெர்னா முழுச் சுற்றும் நடந்து எட்டு வருஷமாகியிருந்தது. இலையற்ற மரங்களுக்கு நடுவே ஏரி எல்லா இடத்திலும் தெரிந்தது, காரீயத்தை உருக்கி ஊற்றியது போல. ஓரங்களில் மெல்லிய பனித்தோல். மரத்துக்கு மரம் எல்வின் வழிகாட்ட அடித்துவைத்த நீலத் தகரவட்டம், ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும் தூரத்தில். பலகை நடையில் காலடிகள் டொக் டொக்கென்று கேட்டன. ஒரு பலகைகூட ஆடவில்லை. அந்தப் பெண் ஒரு தடவை நின்று, "இத நீங்களா போட்டீங்க, மிஸ்டர் ட்ராம்ப்ளி?" என்று கேட்டாள்.

"ஆமா, மேடம்."

"அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும். எல்லாம் நேரா இருக்கு."

அதைக் கேட்டு எல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெர்னா இருமினாள். அவன் மேலே நடந்தான்.

ஏணியை அடைந்தபோது பன்னிரண்டாகிவிட்டது. கீழே இறங்கினார்கள். எல்வின் பாறையைக் காட்டினான். ஜோன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். நோட்டின் அந்தப் பக்கத்தை ராய்ஸ் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இத இங்க வெச்சுப் படிக்கணும்னு இருந்தேன். இன்னும் நான் படிக்கல," என்றாள். "இப்ப கண்ண மறைக்குது. நீங்க படிங்களேன், மிஸ்டர் ட்ராம்ப்ளி. சத்தமா. அவர் எழுதினத ஒரு தடவ கேட்டுக்கறேன்."

தாள் அவன் கையில் இருந்தது. வெர்னா சட்டென்று கையை நீட்டினாள். "கண்ணாடி ஒடஞ்சிருக்கு, நான் படிக்கிறேன்மா, குடு எல்."

அவன் கொடுக்கவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினான். கண்ணாடியை மட்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, மேடம்," என்றான். "எப்பவுமே தெரியாது. கட்டம் நெறஞ்சிருந்தா வெளிய வந்துட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிப்பேன். ஜனங்க அதுல பாதை நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போவாங்க. உங்கப்பா எழுதினதும் அதுதான்னு நெனச்சேன். நெறைய எழுதியிருக்காரேன்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. பிறகு முடித்தான். "சந்தோஷப்பட்டேன்."

ஏரியில் பனித்தோல் எங்கோ முறிந்த சத்தம் கேட்டது. ஜோன் அழவில்லை, கத்தவில்லை. தாளை வாங்கி, கண்ணைத் துடைத்து, தானே படித்தாள், உதடு அசையாமல். மடித்தாள்.

"இத்தன வருஷமா? யாருக்குமே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் வெர்னா.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு மைல் தூரத்துல இருந்தீங்க," என்றாள் ஜோன். அவ்வளவுதான் சொன்னாள். கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஏணியில் ஏறித் தனியாகப் போய்விட்டாள்.

அவர்கள் இருவரும் முன்பக்கமாக மிச்சச் சுற்றை முடித்தார்கள். பெட்டிக்கு வந்து சேர்ந்தபோது நோட்டு திறந்தே கிடந்தது. ஜோன் முன்பே வந்து போயிருந்தாள். 3 பேர் என்பதை அடித்து 1 என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் 2:15 என்று போட்டிருந்தாள். வெர்னா பழக்கத்தில் பென்சிலை எடுத்தாள், தங்கள் இருவருக்கும் புது வரி எழுதி முடித்துவைக்க.

"விடு, வெர்ன்," என்றான் எல்வின். "நாம வெளிய வரல."

அவள் பென்சிலை விட்டாள். அது நூலில் ஆடி நின்றது.

ஜோன் சொல்லிக் கேட்டு ராய்ஸ் திங்கட்கிழமை வந்தார். இம்முறை காபியைக் குடித்தார். கண்ணாடிக் கதை டைப்பானது கையெழுத்தாகாமலே போகட்டும், புது வாக்குமூலம் தயாராகும் என்றார். வழக்கு வருமா வராதா என்று தெரியாது, வேலை மட்டும் இனி இல்லை என்றார். அதைச் சொல்லும்போது தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துக்கு நீ ஒண்ணும் கவலப்படாத, எல்வின். பெருக்கல் குறி போட்டாப் போதும். ரெண்டு பேரு சாட்சி போட்டுருவோம். சட்டப்படி செல்லும்."

"எப்ப?"

"அடுத்த வியாழக்கிழம. பத்தொம்பது."

"பேரே போடுறேன்," என்றான் எல்வின்.

மறுநாள் காலையிலிருந்து அவன் எங்கோ போகத் தொடங்கினான். தச்சுப் பென்சிலும் கூரை ஓடு மாதிரியான ஒரு மரச்சில்லும் கையில். ஏரிப் பக்கம் போகவில்லை. அந்தத் திசையில் அவன் பிறகு காலெடுத்து வைக்கவே இல்லை. அதன்பின் அவன் உயிரோடு இருந்தது இன்னும் மூன்று குளிர்காலம். ஜன்னலில் உட்கார்ந்து, மாலை ஐந்தரைக்கு எழுந்து நிற்பான். பிறகு உட்காருவான். வெர்னா ஏதாவது கேட்டால் பதில் சொல்வான், தானாக எதையும் பேசமாட்டான். ராய்ஸ் வைத்த புதுக் காவலருக்குப் படிக்கத் தெரியும். முதல் வசந்தத்திலேயே பலகைகளில் பாசி ஏறியதாகச் சொன்னார்கள்.

மரச்சில்லோடு அவன் போகத் தொடங்கிய ஐந்தாம் நாள் வெர்னா அவன் பின்னால் போனாள். அவன் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லின் முன் மண்டியிட்டிருந்தான். அப்பா அம்மாவின் பெயருக்குக் கீழே தங்கள் இருவர் பெயரையும், பிறந்த வருஷத்தையும் போட்டு, இறந்த வருஷத்துக்கு இடம் விட்டு அவள் முன்பே வெட்டிவைக்கச் சொல்லியிருந்தாள். பின்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று. அந்த ஊரில் பலர் அப்படிச் செய்வார்கள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை எழுத்தின் வெட்டுக்குள் விட்டு மெல்ல இழுத்தான். பிறகு சில்லில் கிறுக்கினான். மறுபடி விரல். கல்லில் எழுத்துகள் நகரவில்லை போலும். விரலடியிலிருந்து அவற்றுக்கு ஓடிப்போக வழியில்லை.

"எதுல என் பேரு முடியுது, வெர்ன்?" திரும்பாமலே கேட்டான்.

அவள் குனிந்து காட்டினாள். "பதிமூணு எழுத்து."

எண்ணிப் பார்த்தான். "ஆமா. பதிமூணு."

"குளிர்ல எதுக்குடா? வீட்டுக்கு வா. நான் பெருசா எழுதித் தர்றேன், அடுப்புப் பக்கத்துல உக்காந்து பாத்து எழுது."

"வேணாம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "உன் எழுத்து ரொம்ப அழகா இருக்கும்."

அவள் அங்கேயே நின்றாள். நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு அவன் புத்தகத்தைக் கொண்டுவந்து நகருது என்று சொன்னபோது, அவன் விரலைப் பிடித்து எதிலாவது தேய்த்துக் காட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. நேர்த்தியாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் அலுவலகத்தில் ராய்ஸ் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. குறிப்பைப் பாராட்டு என்று தவறாக எடுத்துக்கொண்டேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டதாக மறுநாள் காலையிலும் சொன்னேன். மாத அறிக்கைகளில் உள்ள கையெழுத்து என்னுடையதல்ல. அங்கே நிறுத்தினார்.

"அப்ப அது யாருதுன்னு இதுல இல்லியே, எல்வின்."

எல்வின் தரையைப் பார்த்தான். "அது வேணாமே, ராய்ஸ்."

"என்னுது," என்றாள் வெர்னா. "எழுதிக்கோ. இருநூத்தி அறுவத்தஞ்சும் என்னுது."

ராய்ஸ் எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பி எல்வின் பக்கம் நகர்த்தினார். பேனாவைக் கொடுத்தார். எல்வின் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். தச்சுப் பென்சிலை எடுத்தான்.

"பென்சில் செல்லாதுய்யா," என்றார் ராய்ஸ் மெதுவாக.

பேனாவையே எடுத்தான். இடது கட்டைவிரலைத் தாளில் ஊன்றி, வலது கையால் ஒவ்வொரு கோடாகப் போட்டான், கல்லில் வெட்டுகிறவன் போல. ஒரு எழுத்து முகம் திரும்பி நின்றது. கடைசி இரண்டும் இடம் போதாமல் கீழே சரிந்தன. பெயருக்கு அடியில் கோடு ஓடவில்லை, வால் எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. வெர்னா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அதில் அவளுடையது ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. ராய்ஸ் எழுதிவிடுவதாகச் சொன்னார். எல்வின் தலையசைத்து மறுத்தான். எண்கள் அவனுக்கு எப்போதும் நின்ற இடத்தில் நின்றவை. யாரையும் பார்க்காமல், நிறுத்தாமல், நேராக எழுதினான்: நவம்பர் மாதத்துக்குப் பதினொன்று, பத்தொன்பது, 1987.